மாமிக்குச் சொல்லாத மலை

மொன்றியலுக்குப் போகிறேன் என்று மாமியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் ரொறன்ரோவுக்குப் பக்கத்து விட்பி நகரில் உள்ள எங்கள் வீட்டின் மாடிப்படியில் புதுச் சப்பாத்துடன் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். மலை ஏறுகிற சப்பாத்து. புதிதாகப் போட்டுக்கொண்டு போனால் காலைக் கடிக்கும், முதலில் வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்குங்கள் என்று கடையில் சொல்லியிருந்தார்கள்.

"ஒஃபிஸால ஒரு ரெயினிங் மாமி. ஒரு கிழமை."

"தனியவோ?"

"என்னோட வேலை செய்யிற பிள்ளை ஒண்டும் வருது."

"அங்க இன்னும் குளிராயிருக்கும். நல்லா மூடிக்கொண்டு போ. ஏன் உனக்கு இப்பிடி மூச்சு இளைக்குது?"

"உடுப்புத் தோய்க்கிறன் மாமி. பேஸ்மென்ருக்கு ஏறி இறங்கிறன்."

ஒரே மூச்சில் இரண்டு பொய். வைத்த பிறகும் போனைக் கையில் பிடித்தபடி படியிலேயே இருந்தேன். என் கணவர் இறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆண்டுத் திவசம் முடியும் வரைக்கும் நல்லது பெரிதுக்கோ உல்லாசப் பயணத்துக்கோ போகக்கூடாது என்று எங்கள் வீட்டில் நினைப்பார்கள். மாமி தன் மூத்த மகனைப் பறிகொடுத்துவிட்டு மார்க்கம் நகரில் இளைய மகன் வீட்டில் ஒரு அறைக்குள் இருந்தார். அந்த அறையிலிருந்து ஒவ்வொரு நாளும் என்னை அழைத்து, சாப்பிட்டாயா என்று கேட்பார். அவரிடம் எப்படிச் சொல்வது, நான் ஒரு வெப்பத் தீவுக்குப் போய்க் காடு மேடெல்லாம் நடக்கப் போகிறேன் என்று?

நடக்கிற பழக்கம் எனக்கு அவருடைய வருத்தத்தோடு வந்தது. என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு மூன்று முறை டயாலிசிஸ். விடியப்புறம் பனியை வழித்து, காரைச் சூடாக்கி, அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருத்துவேன். மெஷின் ஓடத் தொடங்கினால் மதியம் வரை அங்கேதான். முதல் வருடம் பக்கத்திலேயே இருந்தேன். பிறகு ஒரு நாள் அவரே சொன்னார்: "என்ர மூஞ்சையைப் பார்த்துக்கொண்டிருந்து என்ன செய்யப்போறீர்? வெளியில ஒருக்கால் நடந்திட்டு வாரும்."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், பார்க்கிங் லொட் முடிகிற இடத்தில், ஒரு ஒற்றையடிப் பாதை மரங்களுக்குள் இறங்கிப் போனது. கீழே ஒரு சிறு ஆறு. முதல் நாள் அந்தப் பாலம் வரை போனேன். அடுத்த கிழமை பாலத்தைத் தாண்டினேன். சில மாதங்களில், அந்தப் பாதை எங்கே முடிகிறதோ அதுவரை போய்த் திரும்பத் தொடங்கியிருந்தேன். திரும்பி வரும்போது கன்னம் சிவந்து, உடம்பெல்லாம் இலேசாகியிருக்கும். வாசலில் நின்று மூச்சை ஆற்றிக்கொண்டுதான் உள்ளே போவேன்.

"எங்க மட்டும் போனனீர்?" என்று கேட்பார்.

"கிட்டத்தான். பாலம் மட்டும்."

அவருக்குப் படி ஏறவே ஏலாத காலம் அது. அந்த ஆளிடம் போய், இன்றைக்கு மேட்டில் ஏறினேன், மான் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் அப்போது என் கால்களின் பலம் அவரிடமிருந்து திருடியது போல இருந்தது.

அவர் போனது ஒக்ரோபரில். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வந்து தோளில் கை வைத்தபோது, எனக்குள் முதலில் எழுந்த நினைப்பு அழுகையல்ல. நாளைக்குக் காலமை எழும்பத் தேவையில்லை என்பதுதான். அது ஒரு கணம்தான். அடுத்த கணம் நான் கத்தி அழுதேன், எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த முதல் கணத்தை யாரும் காணவில்லை. செத்தவீட்டில் மாமி என்னைக் கட்டிப்பிடித்து, "என்ர பிள்ளையை ஒரு குறையுமில்லாமல் பார்த்தாய்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னபோது, அந்தக் கணம்தான் என் நெஞ்சில் வந்து நின்றது.

மார்க்கத்தில் நான் வேலை செய்யும் ஒஃபிஸில் எனக்கு அடுத்த மேசையில் ஒரு பெண். கோயம்புத்தூர்க்காரி, என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. சனிக்கிழமைகளில் சில பெண்களோடு சேர்ந்து காட்டுப் பாதைகளில் நடப்பாள். மார்கழியில் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் அவளை 'நீர்' என்று கூப்பிடுவது அவளுக்குப் பெரிய பகிடி. "அக்கா, ஏதோ ராஜா காலத்து நாடகத்துல பேசற மாதிரியே இருக்கு" என்பாள். அவளும் அவளுடைய சினேகிதியும் கரிபியன் கடலிலுள்ள சென் லூசியாத் தீவுக்குப் போய் நடக்க எல்லாம் பதிந்து வைத்திருந்தார்கள். சினேகிதிக்குக் கடைசி நேரத்தில் வர முடியவில்லை.

"நீங்க வாங்கக்கா. உங்க நடைக்கு அந்த மலையெல்லாம் ஒண்ணுமே இல்ல."

"எனக்கு இன்னும் ஆண்டு முடியேல்லை."

அவளுக்கு விளங்கவில்லை. விளக்கினேன். "சரிக்கா, நான் கட்டாயப்படுத்தல" என்றாள். அவள் கட்டாயப்படுத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பழியை அவள் மேல் போட்டிருக்கலாம். வேறு நகரத்தில் படிக்கும் மகனை அழைத்துக் கேட்டேன். "அம்மா, ஜஸ்ட் கோ. அப்பம்மாவுக்கு ஏன் சொல்லுறீங்கள்?" என்றான். அவனுக்கு அது அவ்வளவு இலேசு.

போனேன்.

தீவின் தெற்குப் பக்கத்தில் கடலுக்குள்ளிருந்து நேராக எழும்பி நிற்கும் இரண்டு கூம்பு மலைகள். பெரியதில்தான் ஏற வேண்டும். அதற்கு முதல் நாள் கால் இளக்கவென்று, எதிர்க் குன்றில் உள்ள ஒரு சுலபமான பாதைக்குப் போனோம். படி வெட்டி, மூங்கில் கைபிடி போட்ட பாதை. இரண்டு பக்கமும் அன்னாசிச் செடி, மரவள்ளி, கொக்கோ மரம். ஏப்ரல் மாத வெயில் முதுகில் விழுந்தது. ரொறன்ரோவில் அப்போதும் றோட்டோரம் கறுத்த பனிக்கட்டி கிடந்தது. நான் அரைக் காற்சட்டையும் சிவப்பு ரீசேர்ட்டும் தொப்பியும் போட்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு என் முழங்கால் வெயில் கண்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு வளைவில், கீழேயிருந்து குரல் வந்தது.

"மெல்ல வாருங்கோவன். உதில வழுக்கும்."

யாழ்ப்பாணத் தமிழ். என் கால் அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தால், தலையில் துவாய் போட்டபடி ஒரு அன்ரி, பின்னால் கமராவும் வயிறுமாக ஒரு அங்கிள். உல்லாசக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் போல கழுத்தில் அட்டை தொங்கியது. அன்ரியை எனக்குத் தெரியும். மாமியோடு ஒரே கோயிலுக்குப் போகிறவர். எங்கள் செத்தவீட்டுக்கு மூன்று நாள் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தவர்.

நான் தொப்பியை இழுத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு அன்னாசிச் செடியைக் குனிந்து பார்க்கத் தொடங்கினேன். அவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள் என்ற நம்பிக்கை. ஆனால் என்னுடைய கோயம்புத்தூர்க்காரிக்குத் தமிழ் காதில் விழுந்தால் போதும்.

"ஐயோ, நீங்க தமிழா? நாங்களும் ரொறன்ரோதான்! அக்கா, இங்க பாருங்க!"

பார்த்தேன். வேறென்ன செய்வது?

அன்ரி என்னை முகத்திலிருந்து சப்பாத்து வரைக்கும் பார்த்து, திரும்பவும் முகத்துக்கு வந்தார். "பிள்ளை! நீ எங்க இஞ்ச?"

"ஒஃபிஸ் விசயமா வந்தனாங்கள் அன்ரி" என்றேன். கையில் ஊன்றுகோல், காலில் சேறு, தலைக்கு மேல் வாழைமரம்.

பக்கத்தில் நின்றவள் வாயைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, மூடினாள்.

"ஓம், ஓம்" என்றார் அன்ரி. வேறொன்றும் கேட்கவில்லை. அங்கிளுக்கு இது எதுவும் தெரியாது. "பார்த்தியே பிள்ளை, உது எங்கட ஈரப்பலா" என்று ஒரு மரத்தைக் காட்டினார். பிறகு எல்லோரையும் மலையைப் பின்னால் வைத்து நிற்கச் சொல்லிப் படமெடுத்தார். "சிரியுங்கோ" என்றார். சிரித்தேன். அன்ரி என் கையைப் பிடித்து, "கவனமா நட" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். அந்தப் படம் அன்றைக்குப் பின்னேரமே மார்க்கம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அனுப்பாதேங்கோ என்று கேட்கவும் வெட்கமாக இருந்தது.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்று அவள் கேட்டாள். வீட்டில் மொன்றியல் என்று சொல்லியிருக்கிறேன் என்றேன். அவள் சிரிக்கப் போனாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணிப் போத்தலை நீட்டினாள்.

பொழுதுபடுகிற நேரம் மாமி அழைத்தார். நாங்கள் தங்கிய மரவீட்டைச் சுற்றி மழைத் தவளைகள் விசில் அடித்துக்கொண்டிருந்தன. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அங்கும் கேட்டது.

"என்ன பிள்ளை உந்தக் கீச்சுச் சத்தம்?"

"ஹீற்றர் மாமி. பழைய ஹொட்டேல்."

"சாப்பிட்டனியோ?"

"ஓம் மாமி."

"அவன் இருந்தால் உன்னைத் தனிய விட்டிருக்க மாட்டான்" என்றார். குரல் கொஞ்சம் இடறியது. "சரி, படு. களைச்சிருப்பாய்." மாமிக்கு இன்னும் தெரியாது. தெரியாமல் என்னை நினைத்து உருகுகிறார். தெரிந்து திட்டியிருந்தால் அன்றைக்கு நன்றாக நித்திரை கொண்டிருப்பேன்.

அடுத்த நாள் காலை மலையடிவார ஊரிலிருந்து புறப்பட்டோம். வழிகாட்டி இல்லாமல் ஏற விடமாட்டார்கள். எங்களுக்கு வந்தவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். அதிகம் பேசமாட்டார். ஒரு மாம்பழத்தைக் கத்தியால் சீவிச் சீவித் தின்றபடி முன்னால் நடந்தார். முதல் பகுதி சரிவான பாதை. பிறகு பாறைகள் படிபோல அடுக்கிக் கிடக்க, வேரைப் பிடித்து, மரக் கைபிடியைப் பிடித்து, உடம்பைத் தூக்கித் தூக்கி ஏற வேண்டும். எங்களோடு புறப்பட்ட ஒரு இளம் சோடி பின்தங்கிவிட்டது. நான் பின்தங்கவில்லை. இடுப்பும் தொடையும் நான் சொன்னதைக் கேட்டன. வியர்வை கண்ணுக்குள் ஓடியது. ஒரு பாறையில் கையூன்றி எம்பி ஏறியபோது, ஏனென்றே தெரியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

பாதி வழியில், களைத்தவர்கள் இருக்க ஒரு மர வாங்கு போட்டிருந்தது. எதிரே சின்ன மலையும், அதற்குக் கீழே கடலும். அதில் இருந்து தண்ணி குடித்தபோதுதான், காலையிலிருந்து அவரை ஒரு தரமும் நினைக்கவில்லை என்று தெரிந்தது. ஆறு மாதத்தில் அப்படி ஒரு காலை இருந்ததில்லை. பல்லுத் தீட்டும்போது, கார் திறக்கும்போது, எதையாவது செய்துகொண்டிருக்கும்போது வந்துவிடுவார். அன்றைக்கு வரவில்லை. நான் சந்தோசமாக இருந்தேன். அவர் செத்தபடியால்தான் நான் இந்த வாங்கில் இருக்கிறேன். இருந்திருந்தால் இந்த நேரம் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் இருந்திருப்பேன்.

அழுகை வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"அக்கா? கால் வலிக்குதா?"

"நீர் போம். நான் இதில இருக்கிறன். இறங்கேக்கை சேர்ந்து போவம்."

அவள் போகவில்லை. பக்கத்தில் இருந்து, தோள் சால்வையால் எனக்கு விசிறினாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவளிடம் சொன்னேன், அந்த ஆஸ்பத்திரிக் கணத்தை. நாளைக்கு எழும்பத் தேவையில்லை என்று நினைத்ததை. யாருக்கும் சொன்னதில்லை, மகனுக்கும்.

அவள் ஒரு ஆறுதலும் சொல்லவில்லை. "எத்தனை வருஷம்க்கா அப்படி எழுந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"ஏழு."

"ம்" என்றாள்.

வழிகாட்டிப் பெண் வானத்தைப் பார்த்து, மழை வரப்போகிறது, மேலேயோ கீழேயோ, இங்கே இருக்க வேண்டாம் என்றார். மனம் தேறியதால் எழும்பினேன் என்று சொல்ல மாட்டேன். கட்டெறும்பு காலில் ஏறத் தொடங்கியிருந்தது. எழும்பினேன், எழும்பியதும் கால் மேல்பக்கம்தான் திரும்பியது. அதுவும் எனக்குக் குற்றமாகத்தான் பட்டது.

உச்சியில் முகில். ஒன்றுமே தெரியவில்லை. கடலில்லை, தீவில்லை, வெள்ளைத் துணிக்குள் நிற்பது போல. அவள் ஏமாந்துபோய்த் தலையில் கை வைத்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது. கொண்டுபோன பாணைப் பிய்த்துத் தின்றோம். இறங்கும்போது பெருமழை. பாதை ஓடையாகிவிட்டது. இரண்டு தரம் சறுக்கி விழுந்தேன். கீழே வந்து சேர்ந்தபோது எங்கள் மூவருக்கும் முகம் தவிர மற்றதெல்லாம் சேறு.

ரொறன்ரோவுக்குத் திரும்பிய அடுத்த நாள், படம் எனக்கு முந்திப் போயிருக்கும் என்ற பயத்தோடு மார்க்கத்துக்குக் காரை விட்டேன். மைத்துனரும் மனைவியும் வேலைக்குப் போயிருந்தார்கள். மாமி குசினி மேசையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, "கறுத்துப் போனாய்" என்றார்.

"மாமி, நான் மொன்றியலுக்குப் போகேல்லை."

கை நிற்கவில்லை. கீரை உருவியபடியே என்னைப் பார்த்தார். எல்லாம் சொன்னேன். தீவு, மலை, அன்ரியைக் கண்டது, ஹீற்றர் என்று சொன்ன தவளை. ஆஸ்பத்திரியில் வந்த நினைப்பை மட்டும் சொல்லவில்லை. மாமி அவரைப் பெற்ற தாய். அதை அவர் காதில் போட்டு என் பாரத்தை இறக்க எனக்கு உரிமையில்லை என்று பட்டது.

"அன்ரி சொல்லியிருப்பா" என்றேன்.

"அவள் ஒண்டும் சொல்லேல்லை. முந்தநாள் கோயிலிலயும் கண்டனான். வாயே திறக்கேல்லை."

அப்படியென்றால் நான் சொல்லாமலே விட்டிருக்கலாம். அந்த நினைப்பு ஓடியதற்காகவும் வெட்கப்பட்டேன்.

"ஏன் பொய் சொன்னனீ?" என்று கேட்டார். "நான் உன்னை மறிச்சிருப்பன் எண்டு நினைச்சனியோ?"

மேசையில் சிந்தியிருந்த இலைகளைக் கூட்டி ஒதுக்கினேன்.

கீரைக் காம்பை எடுத்துக் கடதாசிக்குள் சுற்றினார். "மறிச்சுத்தான் இருப்பன்" என்றார்.

தேத்தண்ணி போட்டுத் தந்தார். ஆனால் என்னோடு சேர்ந்து இருந்து குடிக்கவில்லை, அறைக்குள் போய்விட்டார். அன்றைக்குப் பிறகு போன் வருவது நின்றது. நான் அழைத்தால் மைத்துனரின் மனைவி எடுத்து, "மாமி படுத்திட்டா அக்கா" என்பாள். வெயில் காலம் முழுக்க அப்படியே போனது. நான் நடப்பதை விடவில்லை. மாமியின் கோபத்தை நினைத்துக்கொண்டே நடந்தேன், ஏரிக்கரையில், ஆற்றங்கரையில், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் புல்வெளியில். நிறுத்தினால் அவருக்கு ஆறுதலாக இருக்குமோ என்றுகூட யோசித்தேன். இரண்டு சனிக்கிழமை போகாமல் இருந்து பார்த்தேன். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

ஆண்டுத் திவசத்துக்கு முதல்நாள் மாமி தானாக விட்பிக்கு வந்து இறங்கினார், கையில் பெரிய சட்டியோடு. நேரே குசினிக்குள் போய் வாழைக்காயைக் கேட்டார். வெட்டிக் கொடுத்தேன். உழுந்து எங்கே, பயறு எங்கே, இவ்வளவுதான் பேச்சு. ஆனால் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் நின்றோம்.

அடுத்த நாள் ஐயர் வந்து, மகன் இருந்து எல்லாம் செய்தான். படையல் முடிந்து, சனத்துக்குச் சாப்பாடு பரிமாறும்போது, என் கணவருடைய சித்தி ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வைத்துப் பார்த்தார்.

"ஐயோ, எவ்வளவு மெலிஞ்சு போனாய் பிள்ளை. கன்னமெல்லாம் ஒட்டி, நிறமும் கறுத்து. கவலைதான் உன்னை இப்பிடித் தின்னுது. அவனும் குடுத்துவைச்சவன், இப்பிடி ஒருத்தி." பக்கத்தில் இருந்த பெண்கள் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

வெயிலில் நடந்து கறுத்த கை. மேடு ஏறி இறுகிய கன்னம். சோற்றுத் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இல்லை என்றால் அவமரியாதை. ஓம் என்றால் இன்னுமொரு பொய்.

பின்னால் பாயசச் சட்டியோடு மாமி வந்துகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

"கவலையுமில்லை, ஒண்டுமில்லை" என்றார், எவர் முகத்தையும் பாராமல். "அவள் நடக்கிறவள்."

சித்திக்கு அது விளங்கவில்லை. எனக்கும் சரியாக விளங்கவில்லை. எனக்காகப் பேசினாரா, எல்லோருக்கும் முன்னால் என்னைக் காட்டிக்கொடுத்தாரா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. மாமி குனிந்து சித்தியின் கோப்பையில் பாயசம் வார்த்தார். நான் அடுத்த வரிசைக்குச் சோறு கொண்டு போனேன்.